லெஃப்ட் சைடு சூடி

பம்பாய் மாதுங்காவில், டெலாங் ரோட்டில் கார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அந்த வருஷம் ஒரே பேச்சுதான். சக்கரத்து நட்டு. சீனாக்காரனோடு சண்டை வந்த பிறகு வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்றுபோயிருந்தது. ஒரு நட்டு தேய்ந்தால் மாற்று கிடைப்பதில்லை. கிடைப்பதும் கைக்கு வரும்போது வெள்ளிக் கிண்ணம் மாதிரி மினுங்கும். ஒரு மழையில் நனைந்தால் துருப்பிடித்து இளிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரண்டை குந்தியிருப்பவர்கள், ஒருவருக்கொருவர் நமஸ்காரம் சொல்வதற்குப் பதிலாகக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டார்கள்.

அவர்களில் உரக்கத் திட்டியவர் சந்திரமௌலி. ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் ஆபீஸ் மானேஜர். கிளார்க்காகச் சேர்ந்து படிப்படியாக ஏறியவர். ஏறிய களைப்பை வீட்டில் வந்து தீர்த்துக்கொள்கிற ரகம். அவரிடம் இருந்தது ஒரு பழைய அமெரிக்கக் கார். படகு மாதிரி நீளம். ஒரு பார்ஸிக்காரரிடம் வாங்கியது. பார்ஸிக்காரரின் பழைய டிரைவரே கொஞ்ச காலம் வந்து ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் எதிர்த்துப் பேசுகிறான் என்று சந்திரமௌலி நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து வண்டிக்கு டிரைவரும் அவரே, மெக்கானிக்கும் அவரே.

தினமும் காபி குடித்துவிட்டு ஸ்பானரோடு கீழே இறங்குவார். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டாகக் கவ்விப் பிடித்து வலது பக்கமாக ஓர் இழுப்பு. காரின் வலது பக்கத்துச் சக்கரங்களில் நட்டுகள் அசைவதில்லை. இடது பக்கத்துக்கு வந்தால் மட்டும் ஒவ்வொன்றும் கிறீச்சென்று நகரும்.

"பார்த்தியா, நேத்து இறுக்கினது இன்னிக்கு நகர்றது" என்று மாடிக்கு வந்ததும் மனைவியிடம் சொல்வார். "நட்டா இது? நட்டு விக்கறவனைச் செருப்பால அடிக்கணும்."

"எடது பக்கம் மட்டும் எப்படின்னா கழல்றது?" என்று சுப்புலக்ஷ்மி ஒருநாள் கேட்டாள்.

"நோக்கு என்ன தெரியும் காரைப் பத்தி? போய் ரசத்தை எறக்கு."

இருபது வருஷக் குடித்தனத்தில் அந்த வாக்கியம் அவளுக்குப் பழகிவிட்டது. காருக்குப் பதில் சில சமயம் பாங்கு, சில சமயம் அரசியல், சில சமயம் அவர் தங்கை. 'நோக்கு என்ன தெரியும்' மட்டும் மாறுவதில்லை. அவள் போய் ரசத்தை இறக்கினாள்.

இடது முன் சக்கரம் ஆட ஆரம்பித்தது. சந்திரமௌலி தாராவி மெயின் ரோட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனார். அங்கே ஞானராஜின் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பையனாக வந்து, இந்திக்காரர்களிடம் தொழில் கற்று, சொந்தமாகக் கடை போட்டவன் ஞானராஜ். கார், லாரி உதிரிச் சாமான்கள். எதைக் கேட்டாலும் இருக்கிறது என்பான். இல்லாததை எங்கிருந்தோ உடைத்து எடுத்து வந்து, பளபளப்பாக்கி, புதுசு என்பான். "வித்த சாமான் திரும்ப வாங்கப்படாது" என்ற போர்டு மட்டும் கடையில் உண்மையானது.

"புது நட்டு இருக்கு சார். இப்பவே போட்டுத் தாரேன். உக்காருங்க."

தோல் கிடங்கு நாற்றத்தில் உட்கார சந்திரமௌலிக்கு இஷ்டமில்லை. கிங்ஸ் சர்க்கிளுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தார். அதற்குள் கடை மெக்கானிக் வேலையை முடித்திருந்தான். எப்படி முடித்தான் என்று இவர் பார்க்கவில்லை. கடைக்காரனும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஸ்பானரோடு இறங்கினார். புது நட்டு. வலது பக்கமாக ஓர் இழுப்பு. கிறீச்.

ஒரு வாரத்தில் சக்கரம் பழையபடி ஆடியது. அவர் நேரே கடைக்குப் போய் வண்டியை வாசலை அடைத்து நிறுத்தினார்.

"ஓய், என்ன நட்டுய்யா இது? ஒரு வாரம் தாங்கலை."

ஞானராஜ் கல்லாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. "வாசல விட்டு வண்டிய எடுங்க சார். நாலு பேரு வந்து போற எடம்."

"நட்டுக்குப் பதில் சொல்லிட்டுப் பேசு."

"நட்டு தானா எப்படிக் கழலும்? நீங்க என்ன பண்ணுதீக வண்டிய?"

"என்ன பண்றேனா? தினம் கார்த்தால என் கையால ஸ்பானர் போட்டு இறுக்கறேன். ஒருநாள் விட்டதில்லை."

"நீங்களேவா?"

"பின்னே உங்கப்பாவா வந்து இறுக்குவார்?"

ஞானராஜின் முகம் கறுத்தது. "எங்கப்பா செத்து வருசமாச்சு. உசுரோட இருந்தாலும் உங்க வண்டியத் தொட மாட்டாரு." பிறகு ஏதோ யோசித்தவனாக எழுந்து வந்து இடது சக்கரத்தண்டை குனிந்தான். "இந்த போல்ட்டு நுனியப் பாருங்க. 'எல்'னு ஒரு எழுத்து இருக்கு பாத்தீகளா? அது எதுக்குன்னு..."

"எல்லுன்னா லெஃப்ட். எடது சக்கரத்துக்கு உள்ளது. எனக்கு ஏ பி சி டி சொல்லித் தர வந்துட்டியா? நான் இங்கிலீஷ்ல டிராஃப்ட் போட்டா எங்க ஜெனரல் மானேஜர் ஒரு கமா மாத்த மாட்டார், தெரியுமா?"

"செரி. சொல்லல."

"நட்டு பழசு. பாலிஷ் போட்டு வித்திருக்கே. எனக்குத் தெரியும்."

"எங்க நட்டுல கொறையில்ல சார். கழண்டது வேற எங்கயோ."

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சந்திரமௌலிக்குக் காதுமடல் சிவந்தது.

"உன் கடைக்குப் பூட்டு மாட்டலைன்னா என் பேர் சந்திரமௌலி இல்லை."

"பூட்டு நாங்க விக்கதில்ல. அடுத்த கடையில கேளுங்க."

கடை மெக்கானிக் மறுபடி இறுக்கிக் கொடுத்தான். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. சந்திரமௌலி ஆபீஸில். சுப்புலக்ஷ்மி சங்கிலியை எடுக்காமல் கதவை ஒரு சாண் திறந்து, இடது கையால் பிடித்துக்கொண்டு பார்த்தாள். படியில் முரட்டுச் சட்டை போட்ட ஒருவன்.

"சார் இருக்காரா?"

"ஆபீஸ் போயிருக்கார். நீங்க யாரு?"

"தாராவி கடக்காரன்."

முந்தின ராத்திரி முழுவதும் அந்தக் கடைக்காரனின் ஏழு தலைமுறையும் இந்த வீட்டில் அர்ச்சனை வாங்கியிருந்தது. அவள் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள்.

"கதவ ஒண்ணும் தெறக்க வேண்டாம். உள்ள வந்து காப்பி குடிக்க வரல" என்றான் அவன். முகத்தைப் பார்க்காமல், கதவைப் பிடித்திருந்த கையைப் பார்த்துப் பேசினான். "சார்கிட்டச் சொல்லிருங்கம்மா. லெஃப்ட் சைடு சூடி உல்டா. இறுக்குதேன்னு நெனச்சிக் கழட்டிரப் போறாரு. பொறவு எம்மேல பழி சொல்லப்படாது."

திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டான்.

சுப்புலக்ஷ்மி கதவை மூடிவிட்டுத் தன் இடது கையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த இந்தி மார்க்கெட்டில் கற்ற இந்தி. சூடி என்றால் வளையல். மாதுங்கா மார்க்கெட்டில் வளையல்காரி 'சூடி, சூடி' என்று கூவாத வெள்ளிக்கிழமை கிடையாது. உல்டா என்றால் தலைகீழ். அவள் இடது கையில் மயில் செதுக்கிய தங்க வளையல் தலைகீழாகத்தான் கிடந்தது. மயிலின் தலை கீழே, தோகை மேலே.

அந்நிய ஆண்பிள்ளை வாசலில் நின்று தன் கை வளையலைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருக்கிறான். முதலில் அந்தக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் அடுத்த வார்த்தை உறைத்தது. கழட்டிரப் போறாரு. சுமங்கலியின் கை வளையலை எப்போது கழற்றுவார்கள்? அவள் சுவாமி அலமாரியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். கால் மரத்துப்போகும் வரை எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் கணவர் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள். ஓர் எழுத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் பேசின திருநெல்வேலித் தமிழிலேயே சொன்னாள். "லெஃப்ட் சைடு சூடி உல்டா. இறுக்குதேன்னு நெனச்சிக் கழட்டிரப் போறாரு."

"சூடின்னா?" என்றார் சந்திரமௌலி.

"வளையல்னா."

"உன் வளையலை யாரு கழட்டப் போறா?"

"அதான் நேக்கும் புரியலை. மரியாதையா 'கழட்டிரப் போறாரு'ங்கறான்."

சந்திரமௌலி நாற்காலியில் உட்கார்ந்தார். "புரியாம என்ன இருக்கு? எமதர்மராஜனைத்தான் மரியாதையாச் சொல்லியிருக்கான், ராஸ்கல். உன்னை விதவையாக்கிடுவேன்னு ஆள் தேடி வந்து மிரட்டிட்டுப் போயிருக்கான்."

"நாளைலேர்ந்து காரை எடுக்காதீங்கோன்னா."

"நான் பயந்துடுவேன்னு நெனைச்சுத்தானே சொன்னான்? நோக்கு என்ன தெரியும்."

மறுநாள் காலையில் அவர் இடது சக்கரத்து நட்டுகளை இரண்டு கையாலும் ஸ்பானரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வலது பக்கமாக இழுத்தார். அதற்கு அடுத்த நாளும்.

ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் அவர் தங்கை மகளுக்குச் சீமந்தம். பட்டுப் புடவையும் பழத்தட்டுமாகப் புறப்பட்டார்கள். டெலாங் ரோட்டைத் தாண்டி கிங்ஸ் சர்க்கிளில் வண்டி வளைந்தபோது, தங்களுக்கு முன்னால் ஒரு சக்கரம் தனியாக ஓடுவதைச் சுப்புலக்ஷ்மி பார்த்தாள். யாருடைய சக்கரம் என்று யோசிப்பதற்குள் கார் இடது பக்கமாகச் சாய்ந்து ரோட்டைக் கீறிக்கொண்டு நின்றது. பழங்கள் அவள் மடியிலிருந்து உருண்டன. சக்கரம் நிற்கவில்லை. நடைபாதையில் ஏறியது. வாழையிலைக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் நீட்டிய காலில் மோதிச் சாய்ந்தது.

அவள் பெயர் மாடத்தி. தாராவியிலிருந்து தினமும் தலைச்சுமையாக இலை கொண்டுவந்து விற்பவள். மாதுங்காவில் விசேஷம் எந்த வீட்டில் நடந்தாலும் இலை அவளுடையது. அன்று செம்பூருக்குப் போகவேண்டிய இலைக்கட்டுகூட வழியில் அவளிடம்தான் வாங்கிக்கொள்வதாக இருந்தது. கணுக்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது சந்திரமௌலி ஒரே வார்த்தையில் நின்றார். இது விபத்து இல்லை. தாராவிக் கடைக்காரன் தன்னைக் கொல்லப் பார்த்தான். மட்ட நட்டைப் போட்டான், வீட்டு வாசலில் வந்து மிரட்டினான், சொன்னபடி செய்தான்.

அவர் அதை அப்படிப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. மறுநாளே கம்பெனியில் அவரைக் கூப்பிட்டு, கேஸ் முடியும் வரை லீவில் இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கோர்ட்டில் தண்டனை என்று ஆனால் வேலை போய்விடும். கடைக்காரன் குற்றவாளி என்றால் இவர் நாற்காலி இவருக்கு. இல்லாவிட்டால் இத்தனை வருஷம் ஏறின படியெல்லாம் ஒரே சறுக்கு. ஞானராஜுக்கும் அதே கணக்குதான், தலைகீழாக. கொலை முயற்சி என்று எழுதிவிட்டால் கடையும் போய், ஆளும் உள்ளே.

மாடத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இன்ஸ்பெக்டர் ஜாதவ் எல்லாரையும் ஒரே நாளில் வரச் சொன்னார்.

சுப்புலக்ஷ்மி போனபோது மாடத்தி பெஞ்சில் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் காலை மடக்கிக்கொள்ள முடியாத கோபம் அவள் முகத்தில் இருந்தது.

"வாங்கம்மா. சீமந்தம் நல்லபடியா முடிஞ்சுதா? எல பத்துச்சா?"

சுப்புலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

எதிர்ப்பக்கச் சுவரோரம் ஞானராஜ் நின்றான். அவன் மாடத்தியிடம் வந்து குனிந்து, "ஏ மாடத்தி, நம்ம ஊர்க்காரன்னு கொஞ்சம் நெனச்சுப் பேசு" என்றான்.

"ஊர்க்காரனா? ஆசுபத்திரிக்கு ஒரு பன்னு வாங்கிட்டு வந்தீரா அண்ணாச்சி? தள்ளி நில்லும். கட்டுல பட்டுரப் போவுது."

ஜாதவ் மேஜையில் ஒரு கைக்குட்டையை விரித்து வைத்திருந்தார். ரோட்டில் பொறுக்கிய நட்டுகள். உடைந்த ஒரு போல்ட்டும் இருந்தது. அவர் ஒரு நட்டை எடுத்துப் பேனாக்கத்தியால் சுரண்டினார். வெள்ளி உதிர்ந்தது. அடியில் செம்பழுப்புத் துரு.

"இதுதான் புதுச் சரக்கா?" என்று இந்தியில் கேட்டார்.

ஞானராஜ் ஓர் அடி முன்னால் வந்தான். "கப்பல்ல வர்றதில்ல சாப். பழைய வண்டியில எடுத்து பாலிஷ் போட்டது. எல்லாரும் அப்படித்தான் விக்காங்க."

"எல்லாரும் இங்கே நிற்கவில்லை. நீதான் நிற்கிறாய்."

சந்திரமௌலி முன்னால் வந்தார். நாலு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு. பாதி இங்கிலீஷும் பாதி இந்தியுமாக ஆரம்பித்தார். தான் எவ்வளவு ஜாக்கிரதைக்காரன் என்று சொன்னார். தினமும் காலையில் தன் கையாலேயே ஒவ்வொரு நட்டையும் வலது பக்கம் திருப்பி இறுக்குவதைச் சொன்னார். கையை நீட்டி, இல்லாத ஸ்பானரை வலது பக்கமாக இழுத்துக் காட்டினார். ஜாதவ் எழுதிக்கொண்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, வைத்திருந்த பெரிய சரக்கை எடுத்து வைத்தார்.

"சாஹிப், இவன் நான் இல்லாத நேரம் வீட்டுக்கு வந்து என் மனைவியை மிரட்டினான். அவள் வளையலைக் கழற்ற வைப்பேன் என்றான். எங்கள் ஜாதியில் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? புருஷன் சாவான் என்று அர்த்தம்."

ஜாதவின் பேனா நின்றது. ஞானராஜைப் பார்த்த பார்வை மாறியது.

"இது என்ன சண்டாளப் பேச்சு" என்றான் ஞானராஜ் தமிழில், திகைத்துப்போய். "நான் எப்போ வளையலப் பத்திப் பேசினேன்? ஏம்மா, நெஞ்சில கைய வச்சுச் சொல்லுங்க. வளையல்னு ஒரு வார்த்த எவ்வாயில வந்துதா?"

"வாயை மூடு" என்றார் ஜாதவ். சுப்புலக்ஷ்மியின் பக்கம் திரும்பினார். குரலில் மரியாதை இருந்தது. "பயப்படாதீர்கள். இவன் சொன்ன வார்த்தை எதுவோ, அதை அப்படியே சொல்லுங்கள். உங்கள் பாஷையிலேயே சொல்லுங்கள். அர்த்தம் பிறகு கேட்டுக்கொள்கிறேன்."

சுப்புலக்ஷ்மி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "லெஃப்ட் சைடு சூடி உல்டா. இறுக்குதேன்னு நெனச்சிக் கழட்டிரப் போறாரு."

ஜாதவ் நிமிர்ந்தார். "முதல் பாதியை இன்னொரு தரம் சொல்லுங்கள்."

"லெஃப்ட் சைடு சூடி உல்டா."

அந்த நான்கு வார்த்தைக்கு அவருக்கு அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். கைக்குட்டையிலிருந்து போல்ட்டை எடுத்தார். அதைச் சுற்றிச் சுற்றி ஓடிய வரிகளின் மேல் நகத்தை ஓட்டியபடி சந்திரமௌலியின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இந்தக் கோடுகளுக்கு என்ன பெயர்?"

"த்ரெட்."

"அது இங்கிலீஷ். பம்பாயில் என்ன பெயர்?"

சந்திரமௌலிக்குத் தெரியவில்லை.

"மரை" என்று தமிழில் வாய்க்குள் சொன்னார்.

"சூடி" என்றார் ஜாதவ். "நட்டுக்கும் போல்ட்டுக்கும் உள்ள வரி சூடி. கையில் வளையல் சுற்றிக்கொண்டிருக்கிற மாதிரி இதில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உல்டா சூடி என்றால் எதிர்ப்பக்கம் சுற்றுவது." ஒரு நட்டை எடுத்துப் போல்ட்டில் வைத்து வலது பக்கம் திருப்பினார். ஏறவில்லை. இடது பக்கம் திருப்பினார். சரசரவென்று ஏறியது. "உன் வண்டியில் இடது பக்கத்துக்கு எல்லாம் இப்படி. இடது பக்கம் திருப்பினால் இறுகும். வலது பக்கம் திருப்பினால் கழலும்."

சந்திரமௌலியின் வலது கை, சற்று முன் இல்லாத ஸ்பானரை இழுத்துக் காட்டிய கை, இன்னும் பாதி நீட்டியபடியே இருந்தது. அதை மெல்லக் கீழே இறக்கினார்.

"தினமும் காலையில்" என்றார் ஜாதவ், எழுதியதைப் பார்த்து. "உன் கையாலேயே. ஒரு நாள் விடாமல்."

ஞானராஜுக்கு உயிர் வந்தது. "இதத்தான சாப் சொல்லப் போனேன். கடையில 'எல்'னு காட்டினேன், ஏ பி சி டி சொல்லித் தாறியான்னு கேட்டாரு. செரி, வீட்டுல போயிச் சொல்லுவோம்னு போனா, கொலகாரங்காரு. தொழிலப் படிச்சதே இந்தியில. எனக்கு சூடின்னுதான் தெரியும். அதுக்குத் தமிழ்ல ஒரு பேரு இருக்குங்கதே இப்ப இவரு சொல்லித்தான் கேக்கேன்."

"நீ சந்தோஷப்படாதே. துரு நட்டு விற்றவன் நீ. உனக்குத் தனியாக இருக்கிறது" என்றார் ஜாதவ். பிறகு சந்திரமௌலியிடம் நிதானமாகக் கேட்டார். "மிரட்டல் இல்லை. எச்சரிக்கை. உன் வீடு தேடி வந்து சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகும் நீ வண்டியை எடுத்திருக்கிறாய். இந்தப் பெண்ணின் கால் போயிருக்கிறது. இப்போது எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். இவன் சொன்னது உன் காதுக்கு வந்ததா, இல்லையா?"

வந்தது என்றால் வேலை போயிற்று. சந்திரமௌலி ஒரு கணம் மேஜையைப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, புன்னகை செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, தமிழில் வேகமாகச் சொன்னார்.

"சுப்பு, வளையல் கழண்டுடும்னு மட்டும்தான் எங்கிட்ட சொன்னேன்னு சொல்லு. லெஃப்ட் சைடு, உல்டா, அதெல்லாம் மறந்துபோய்டுத்து, எங்கிட்ட சொல்லவே இல்லைன்னு சொல்லு. புரியறதா?"

உடனே இன்ஸ்பெக்டரிடம் திரும்பி இந்தியில், "பொம்மனாட்டி, சாஹிப். காரைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? ஏதோ கேட்டு, ஏதோ சொல்லிவிட்டாள்" என்றார்.

இருபது வருஷமாக மராட்டிக்காரர்கள் முன்னாலும் குஜராத்திக்காரர்கள் முன்னாலும் தமிழைக் கதவு மாதிரி சாத்திக்கொண்டு பேசிப் பழகியவர். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது அந்த நிமிஷம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

பெஞ்சிலிருந்து மாடத்தியின் குரல் வந்தது. தாராவி இந்தி, தங்குதடையில்லாமல். "சாப், இந்த ஆளு பொண்டாட்டிக்குப் பொய் சொல்லிக் குடுக்கான். 'லெஃப்ட் சைடுன்னு நீ எங்கிட்டச் சொல்லலைன்னு சொல்லு'ங்கான்."

"நீ யாரு நடுவுல?" என்று சந்திரமௌலி சீறினார்.

"கால் ஒடிஞ்சவ" என்றாள் மாடத்தி.

ஜாதவ் சந்திரமௌலியைப் பார்க்கவே இல்லை. சுப்புலக்ஷ்மியைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கள்."

சுப்புலக்ஷ்மி கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணால் கெஞ்சவில்லை. அவருக்கு அது வராது. கண்ணால் அதட்டினார். ரசத்தை இறக்கு என்று சொல்லும்போது இருக்கிற அதே அதட்டல். அவள் கேட்டது தப்பில்லை. சொன்னது தப்பில்லை. அர்த்தம் பண்ணிக்கொண்டதில் அவளுக்குப் பாதி, அவருக்குப் பாதி. எமதர்மராஜனைக் கூட்டிவந்தவர் அவர். இப்போது முழுப் பழியையும் அவள் தலையில் வைத்து, அதையும் அவள் வாயாலேயே சொல்லச் சொல்கிறார்.

"சொன்னேன்" என்றாள். "அன்னிக்கு சாயங்காலமே சொன்னேன். ஒரு எழுத்து மாத்தாம சொன்னேன். லெஃப்ட் சைடுன்னும் சொன்னேன், உல்டான்னும் சொன்னேன். காரை எடுக்காதீங்கோன்னும் சொன்னேன்."

இந்தியில் சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை. மாடத்தியே அதை இந்தியில் சொன்னாள். இந்தத் தடவை ஒரு வார்த்தையும் கூட்டாமல்.

ரைட்டர் கான்ஸ்டபிள் எழுதி முடித்தான். தாளை அவள் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினான்.

"சுப்பு" என்றார் சந்திரமௌலி. "கையெழுத்துப் போட்டேன்னா ஆத்துப் படி ஏறாதே."

"என்ன சொன்னான்?" என்று ஜாதவ் மாடத்தியிடம் கேட்டார்.

"என்னைய என்னத்துக்குக் கேக்கீக. அது அவுங்க வீட்டு வழக்கு" என்றாள் மாடத்தி. "ஏம்மா, நீயே சொல்லு."

சுப்புலக்ஷ்மி வளையல்காரியிடம் பேரம் பேசுகிற இந்தியைச் சேகரித்துக்கொண்டாள். "போல்தா ஹை, கர் மத் ஆவ்" என்றாள். வீட்டுக்கு வராதே என்கிறார்.

"அதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயரும், நிறுத்தி, நிதானமாக. பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஆத்துச் சாவி என் முந்தானைல இருக்கு. நீங்க எப்போ வருவேள்னு இன்ஸ்பெக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கறேன்."

கான்ஸ்டபிள் சந்திரமௌலியின் தோளைத் தொட்டு உள்ளறைப் பக்கம் காட்டினான். இன்னொருவன் ஞானராஜைக் கூப்பிட்டான். வாசல்படியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து இடித்துக்கொண்டார்கள்.

"துரு நட்டு" என்றார் சந்திரமௌலி.

"கழண்ட கேஸு" என்றான் ஞானராஜ்.

சுப்புலக்ஷ்மி புறப்பட்டாள். பெஞ்சைத் தாண்டும்போது நின்று, மாவுக்கட்டுக் காலைப் பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"உபகாரம் பண்ணினே" என்றாள்.

"ஒனக்காவ ஒண்ணும் பண்ணல" என்றாள் மாடத்தி. "எங்காலுக்காவப் பண்ணினேன். அந்த ஆளு எப்ப வருவான்னு கேக்கப் போறேல்ல? எங்காலு எப்ப நேராவும்னு அதையும் சேத்துக் கேளு."